சின்ன அறைக்கு நீலம்

போன வாரம் மருமகள் ஓர் அட்டையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். விசிறி மாதிரி விரிகிற அட்டை. விரிக்க விரிக்க நிறம் வந்துகொண்டே இருக்கிறது. "அத்தை, உங்க ரூமுக்கு எது வேணுமோ தொட்டுக் காட்டுங்க, ஞாயித்துக்கிழமை ஆள் வர்றாங்க" என்றாள். பச்சையிலேயே எத்தனை பச்சை! கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன், கழற்றியும் பார்த்தேன். எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தது. மத்தூர்ப் பக்கம் கிராமத்து வீட்டைப் பூட்டிச் சாவியை மகன் கையில் கொடுத்துவிட்டு இந்த ஓசூருக்கு வந்து இன்னும் மூட்டைகூட முழுசாகப் பிரிக்கவில்லை. முட்டி வலி ஒரு பக்கம். விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ்கள் அடிக்கிற ஹாரன் ஒரு பக்கம். இதில் நிறத்தை எங்கே போய்ப் பார்ப்பது? "உனக்குப் புடிச்சத அடிம்மா" என்று அட்டையை மூடிக் கொடுத்துவிட்டேன். அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. பாவம், நல்ல மனசோடுதான் கேட்டாள்.

நம் வயசுக்காரர்களிடம் சொன்னால் புரியும் என்றுதான் இதை எழுதுகிறேன். சுவருக்கு என்ன நிறம் என்று யார் கேட்டாலும் எனக்கு ஓர் அலுப்பு வந்துவிடுகிறது. அது நேற்று வந்த அலுப்பு இல்லை. எனக்கு எட்டோ ஒன்பதோ வயதிருக்கும்போது, எங்கள் வீட்டில் ஓர் ஆடி மாதம் முழுக்க ஒரே ஒரு சின்ன அறைக்கு நிறம் பார்த்தார்கள். ஓசூர் நம் பக்கமா, மைசூர்க்காரர்கள் பக்கமா என்று பெரியவர்கள் டீக்கடையில் வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஐம்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷம் சரியாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

அந்தத் தையில்தான் என் அக்காவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. எங்கள் வகையறாவில் பெண்ணை மாமனுக்கோ அத்தை மகனுக்கோதான் கொடுப்பார்கள். அக்காதான் முதன்முதலாக அசலில் போனவள். மாப்பிள்ளைக்கு ஓசூரை ஒட்டின ஊர், வேலை பெங்களூரில் ஒரு மில்லில். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுவார். கையில் கடிகாரம் கட்டியிருப்பார். எங்கள் ஊர்ப் பெண்ணுக்குக் கடிகாரம் கட்டிய புருஷன் வாய்த்தது அதுதான் முதல் தடவை. அப்பா நிலம் நீச்சு உள்ளவர், ஊரில் நாலு பேர் மதிக்கிற ஆள். அப்படிப்பட்டவர் மாப்பிள்ளை எதிரில் மட்டும் உட்காரவே யோசிப்பார். அவர் வாயில் மாப்பிள்ளையின் மில் பேச்சு இல்லாத நாள் கிடையாது.

கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு வந்தபோது மாப்பிள்ளை ஆண்களோடு நடுவீட்டில் படுத்தார். எங்கள் வீட்டில் வேறு இடம் இல்லை. மறுநாள் பஸ் ஏற்றிவிடப் போன சித்தப்பாவிடம், "உங்க வூட்ல படுக்க ஒரு ரூமுகூட இல்லியா?" என்று கேட்டாராம். அவ்வளவுதான். அந்தக் கேள்வி அப்பாவைப் பிடித்து ஆட்டியது. சாப்பிடும்போது சோற்றைப் பிசைந்துகொண்டே "கேட்டுட்டாரே" என்பார். அக்காவை ஆடிக்கு அழைத்து வந்ததும் முதல் வேலையாக அந்தக் குறையைத் தீர்க்கத் தீர்மானித்தார்கள். ஆடியில் புதுப்பெண் தாய்வீட்டில் இருப்பாள், ஆவணி பிறந்ததும் மாப்பிள்ளை வந்து ஓர் இரவு தங்கி அழைத்துப் போவார். அதற்குள் அறை தயாராக வேண்டும்.

அறை என்று சொல்கிறேனே, அது புளியும் கேழ்வரகும் வைக்கிற இடம். நடுவீட்டுக்குப் பின்னால், ஜன்னல் கிடையாது, ஒரே ஒரு கதவு. மண்சுவர். இரண்டு பாய் விரித்தால் நடக்க இடம் இருக்காது. புளிப்பானைகளை வெளியே எடுத்தபோது அடியில் பிசுபிசுவென்று கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்ததை நான் சுரண்டித் தின்றேன். எலி வளையை அடைத்தார்கள். அப்பா ஆசாரியைக் கூப்பிட்டுக் கதவைச் சரிசெய்யச் சொன்னார். அப்போது அக்கா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"வெளிப்பக்கம் தாப்பா வெக்கறாங்களா?"

"உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணு. ரெண்டும் நல்ல இரும்பு" என்றார் அப்பா, பெருமையாக. அக்கா முறத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

அப்புறம்தான் நிறம். எங்கள் ஊரில் அதுவரை சுவர் என்றால் வெள்ளை, அடியில் ஒரு காவிப் பட்டை. சித்தப்பா பெங்களூர் பார்த்தவர். அங்கே வீட்டுக்குள் நிறம் அடிக்கிறார்கள் என்று அவர்தான் கிளப்பிவிட்டார். கிருஷ்ணகிரி கடையிலிருந்து பொட்டலம் பொட்டலமாகப் பொடி வாங்கிவந்தார். சுண்ணாம்புக் கல்லைப் பெரிய பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள். அது பொங்கிக் கொதித்ததை நான் திறந்த வாய் மூடாமல் பார்த்தேன். அடுப்பே இல்லாமல் எப்படிக் கொதிக்கிறது என்று கேட்டதற்கு, கிட்டே போனால் கண் அவிந்துபோகும் என்று முதுகில் ஒன்று வைத்தார்கள்.

சித்தப்பா சுவரில் மூன்று தீற்றல் தீற்றிவிட்டார். மஞ்சள், பச்சை, நீலம். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு நிறம். காலையில் பார்த்தவர்கள் சாயங்காலம் மறுபடி வந்து பார்த்தார்கள். அம்மாவுக்கு மஞ்சள்தான். "மங்களமான நெறத்த வுட்டுட்டு வேற இன்னா பேச்சு?" அப்பாவுக்குப் பச்சை. கிருஷ்ணகிரியில் துரைமார் தங்குகிற பங்களாவில் பச்சை பார்த்தாராம், கண்ணுக்குக் குளிர்ச்சியாம். சித்தப்பாவுக்கு நீலம். தெருவில் இருக்கிற பெண்கள் இடுப்பில் பிள்ளையோடு வந்து எட்டிப் பார்த்து ஆளுக்கொன்று சொல்லிவிட்டுப் போனார்கள். எல்லாரும் போகும்போது அக்காவிடம் கேட்பார்கள். "ஏன்டி, நீதானடி இருக்கப்போறவ. நீ சொல்லு, இன்னா நெறம் வேணும்?"

"எதுனாலும் சரி" என்பாள் அக்கா.

"வெக்கத்தப் பாரு!" என்று சிரிப்பார்கள்.

அக்கா அதற்கு முன்பு வாயாடி. கல்யாணத்துக்கு முன்னால் அவள் பேச்சை நிறுத்த அம்மா கரண்டியைத் தூக்க வேண்டியிருக்கும். ஆடிக்கு வந்தவள் வேறு ஆளாக இருந்தாள். எப்போதும் வாசலிலேயே இருந்தாள். அரிசி புடைப்பது, கீரை ஆய்வது, தலை வாருவது எல்லாம் வெளியில்தான். மழைத் தூறல் விழுந்தால்கூட உள்ளே வரமாட்டாள். "பெங்களூர்ப் பொண்ணுக்கு நம்ம வூடு புழுங்குது" என்று அம்மா கேலி செய்வாள்.

ஒருநாள் என் சடையைப் பின்னிவிட்டுக்கொண்டே "ஊட்டா ஆய்த்தா?" என்றாள். நான் முழித்தேன். "சாப்பாடு ஆச்சான்னு கேக்கறன்டி. ஆய்த்துன்னு சொல்லு" என்றாள். கன்னடம்! நான் குதித்துக்கொண்டு ஓடி எல்லாரிடமும் சொன்னேன். அப்பா மூன்று நாள் அதையே வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொன்னார். ஆறு மாசத்தில் பெண் கன்னடம் பேசுகிறாள், மாப்பிள்ளை எவ்வளவு அக்கறையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார் பாருங்கள் என்று.

எனக்குத்தான் அக்கா உள்ளதைச் சொன்னாள். சொல்லிக்கொடுத்தது மாப்பிள்ளை இல்லை, பக்கத்து அறைப் பிள்ளைகள். அங்கே வரிசையாக ஒற்றை அறைகளாகக் கட்டிவிட்டிருந்தார்களாம். மாப்பிள்ளை மில்லுக்குப் போகும்போது அக்காவை உள்ளே வைத்து வெளியில் பூட்டிவிட்டுப் போவார். திரும்பி வந்துதான் திறப்பார். நடுவில் தண்ணிக்கோ வெளிக்குப் போகவோ எதற்கும் வழி இல்லை, ஒரு வாளிதான். கதவுக்கு அடியில் விரல் நுழைகிற இடைவெளி. அந்தப் பிள்ளைகள் தரையில் படுத்துக்கொண்டு அதன் வழியாக "அக்கா, ஊட்டா ஆய்த்தா?" என்று கேட்குமாம். இவளும் உள்ளே தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டு பதில் சொல்லுவாளாம். அவர்கள் முகத்தை ஒருநாளும் சரியாகப் பார்த்ததில்லை என்றாள். எனக்கு அது நல்ல விளையாட்டாகத் தோன்றியது. அன்று சாயங்காலம் எங்கள் மாட்டுக்கொட்டாய்க் கதவுக்கு அடியில் நானும் படுத்துப் பார்த்தேன்.

அம்மாவிடம் அக்கா சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். அம்மா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"யம்மா, நான் திரும்பிப் போவல. அவுரு வெளிய பூட்டினு போறாரு. நாள் பூரா. மூச்சு முட்டுது."

அம்மா கையை நிறுத்தாமல் கேட்டாள். "அடிக்கறாரா?"

"இல்ல."

"குடிக்கறாரா? வேற எவளாச்சும்..."

"இல்லம்மா. பூட்றாரு."

"பொத்திப் பொத்தி வெச்சிருக்காருடி. பாஷ தெரியாத ஊரு, கண்ட கண்ட ஆளுங்க நடமாடற எடம். தொறந்து போட்டுட்டுப் போனா அது ஆம்பளயா? எனக்கெல்லாம் இப்படி ஒருத்தர் இருந்தாரா? நான் களை வெட்டப் போயி, வெயில்ல வெந்து..." அம்மாவின் பேச்சு அவள் பட்ட பாட்டுக்குப் போய்விட்டது. அது முடிந்ததும் கடலைத்தோலை முறத்திலிருந்து ஊதிவிட்டு, "அத வுடு. நெறத்தச் சொல்லு மொதல்ல. உங்க சித்தப்பன் சுண்ணாம்பக் கரச்சி வெச்சினு உக்காந்திருக்கறான்" என்றாள்.

அம்மா கெட்டவள் இல்லை. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நம் அம்மாக்கள் எல்லாரும் அப்படித்தான் இருந்தார்கள். வெயிலில் காலமெல்லாம் வெந்தவளுக்கு, மகள் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருப்பது சொர்க்கமாகத் தெரிந்திருக்கும். எனக்கு இப்போது கோபம் வருகிறது. வந்து என்ன செய்ய? கோபப்பட வேண்டிய ஆட்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இருக்கிற எனக்கோ கோபப்படவும் தெம்பில்லை.

அன்று ராத்திரி சாப்பாட்டின்போது அப்பா அக்காவைக் கடைசித் தடவையாகக் கேட்டார். அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டே, "நெறம் எதுவும் வேணாம்பா. ஒரு ஜன்னல் வெச்சிக் குடுங்க" என்றாள்.

எல்லாரும் யோசித்தார்கள். நிஜமாகவே யோசித்தார்கள். அப்பா எழுந்துபோய்ச் சுவரைத் தட்டிக்கூடப் பார்த்தார். அந்தப் பக்கம் எருக்குழி இருக்கிறது, ஜன்னல் வைத்தால் நாற்றம் நேராக மாப்பிள்ளை மூக்குக்குத்தான் வரும், அதற்கு ஜன்னல் இல்லாததே மேல் என்று முடிவாயிற்று. சித்தப்பாவுக்கு உடனே ஒரு யோசனை வந்தது. "அதுக்குத்தான் நீலம்ங்கறன். நாலு பக்கமும் நீலத்த அடிச்சிட்டா வானத்துல இருக்கற மாதிரி இருக்கும். ஜன்னலுக்கு இன்னா வேல?" அப்பாவுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. அம்மாகூட மஞ்சளை விட்டுக்கொடுத்தாள். அக்கா ஆசைப்பட்டதைச் செய்துவிட்டோம் என்று மூன்று பேரும் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார்கள்.

நிறம் முடிவானதும் வச்சிரத்தில் வந்து நின்றது. வச்சிரம் என்பது ஆசாரிகள் மரம் ஒட்டுகிற பசை, மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுப்பது. சுண்ணாம்பில் பொடியோடு அதையும் உருக்கி ஊற்றினால்தான் நிறம் சுவரில் பிடிக்கும், கையில் ஒட்டாது என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த அறைச் சுவருக்கு மறுபக்கம் எங்கள் சாமி மாடம். அம்மா ஆடித் தீர்த்துவிட்டாள். "மாட்டுத்தோல காச்சி சாமி செவுத்துல பூசுவியா? எம்மவ அதுல சாஞ்சினு புள்ள பெக்கணுமா?" சித்தப்பா வச்சிரப் பொட்டலத்தை ஆசாரிக்கே கொடுத்துவிட்டார். அம்மா அதற்குப் பதிலாக அரிசி வடித்த கஞ்சியை ஊற்றச் சொன்னாள். எங்கள் வீட்டில் தினமும் களிதான், அரிசி விசேஷத்துக்குத்தான் வேகும். அந்த வாரம் சுவருக்குக் கஞ்சி வேண்டும் என்பதற்காக நாங்கள் எல்லாரும் சோறு தின்றோம். எனக்கு அந்த அறை அப்படியே முடியாமல் இருந்தால் தேவலை என்றிருந்தது.

அடித்து முடித்தபோது அழகாகத்தான் இருந்தது. பொய் சொல்லக்கூடாது. விளக்கைக் கொண்டுபோய் வைத்தால் நாலு பக்கமும் நீலம். ஈரச் சுண்ணாம்பின் வாசனையோடு, எவ்வளவு கழுவியும் போகாத புளி வாசனையும் இருந்தது. ஆனால் தொட்டால் கையில் வந்தது. நான் உள்ளே ஓடிப்போய் உள்ளங்கையைச் சுவரில் தேய்த்து, கன்னத்தில் பூசிக்கொண்டு வெளியே வந்தேன். "காஞ்சா சரியாப் பூடும்" என்றார் சித்தப்பா. அக்கா வாசற்படி தாண்டி அதற்குள் காலே வைக்கவில்லை.

ஆவணி பிறந்தது, மாப்பிள்ளை வந்தார். கோழி அடித்தார்கள். அறையைப் பார்த்து, "பரவால்லியே!" என்றார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சித்தப்பா எல்லாருக்கும் வெற்றிலை கொடுத்தார். சாப்பாடு முடிந்ததும் அக்காவை அரக்கு நிறச் சேலை கட்டச் சொல்லி, பூ வைத்து, உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். வெளித்தாழ்ப்பாளை யாரும் போடவில்லை. ஆனால் அது அங்கே இருந்தது.

விடிந்ததும் அக்காதான் முதலில் வெளியே வந்தாள். நான் கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் முதுகு முழுக்க நீலம். அரக்குச் சேலையில் தோளிலிருந்து இடுப்புவரை நீலம் அப்பிக்கிடந்தது. பின்தலையிலும், கொண்டையிலும், நசுங்கிய பூவிலும் நீலம். தண்ணீருக்கு வந்திருந்த பெண்கள் பார்த்துவிட்டார்கள்.

"அடியம்மா! செவுத்துல பாதி இவ மேலதான் இருக்குது!"

"மாப்ள மில்லுல வேல செய்யற கை ஆச்சே!"

சிரிப்பென்றால் சிரிப்பு, அப்படி ஒரு சிரிப்பு. அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர்கள் எதை நினைத்துச் சிரித்தார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. எல்லாரும் சிரித்ததால் நானும் சிரித்தேன்.

மாப்பிள்ளை எழுந்து குளிக்கப் போனதும் அம்மா பாயைச் சுருட்ட உள்ளே போனாள், நான் அவள் பின்னாலேயே போனேன். மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டை ஆணியில் தொங்கியது, ஒரு பொட்டு நீலம் இல்லை. ஒரு தலையணைதான் நசுங்கியிருந்தது. இன்னொன்று அம்மா நேற்று வைத்தது வைத்தபடி இருந்தது. கதவை ஒட்டின சுவரில், கீழே, தரையில் உட்கார்ந்தால் முதுகு படுகிற உயரத்துக்கு நீலம் தேய்ந்துபோய் மண் தெரிந்தது. மேலே தலை சாய்ந்த இடத்தில் இன்னொரு சின்னத் தேய்மானம். ராத்திரி முழுக்க அவள் படுக்கவே இல்லை. கதவு வெளியிலிருந்து மூடுகிறதா என்று பார்த்துக்கொண்டு, கதவோரத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

அம்மா அந்தச் சுவரை வெகுநேரம் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு நின்றுபோயிருந்தது. என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அப்புறம் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு போய் அக்காவின் முதுகைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க நீலம் சேலையில் இழுகிப் பரவியதே தவிர, போகவில்லை. கடைசியில் வேறு சேலை எடுத்துக் கொடுத்தாள்.

பத்து மணி பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். கேழ்வரகு மாவு, புளி, வெல்லம் எல்லாம் மூட்டை கட்டியாயிற்று. வாசலில் தெருவே நின்றது. அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "யம்மா, நான் இங்கியே இருந்துக்கறன்மா" என்றாள்.

அம்மாவுக்கு அப்போது தெரியும். சுவரைப் பார்த்துவிட்டு வந்தவள் அல்லவா? அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அப்பா, "பாத்தீங்களா மாப்ள, ரூமு அவ்ளோ புடிச்சிப்போச்சு!" என்றார். தெருவே சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தார். அம்மா திறந்த வாயை மூடிக்கொண்டு அக்காவின் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டாள். அக்கா ஒரு நிமிஷம் எல்லார் முகத்தையும் பார்த்தாள். பிறகு அவளும் கொஞ்சம் சிரித்தாள், மூட்டையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

அப்புறம் என்ன? எல்லாரும் வாழ்ந்த மாதிரி அவளும் வாழ்ந்தாள். பையன் பிறந்த பிறகும் மாப்பிள்ளை கொஞ்ச காலம் பூட்டியிருக்கிறார். அடுத்தடுத்துப் பிள்ளைகள் ஆனதும், பூட்டினால் தனக்குத்தான் தொந்தரவு என்று விட்டுவிட்டாராம். அக்கா பெங்களூரிலேயே கிழவியானாள். எந்த வீட்டுக்குப் போனாலும் கதவோரமாகத்தான் உட்காருவாள். நாங்கள் இருவரும் அதைப் பற்றி எல்லாம் பேசிக்கொண்டதில்லை. பேசுவதற்கு எப்போது நேரம் இருந்தது?

அம்மாவின் காரியம் முடிந்து அக்காவை ஊருக்கு அனுப்பக் கிருஷ்ணகிரி பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் ஒரே ஒரு தடவை பேசினோம். இரண்டு பேருமே அழுது அழுது ஓய்ந்துபோயிருந்தோம். அவள் எனக்கு வேர்க்கடலை உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தாங்கவில்லை, கேட்டுவிட்டேன். "அக்கா, அன்னிக்கு உன்ன யாருமே ஒரு வார்த்த கேக்கலியே?"

"ஏன் கேக்கல?" என்றாள். குரலில் கோபமெல்லாம் இல்லை. "மாசம் பூரா கேட்டாங்களே. அப்பா கேட்டாரு, அம்மா கேட்டா, சித்தப்பா கேட்டாரு, தெருவே வந்து கேட்டுச்சு. இன்னா நெறம் வேணும், இன்னா நெறம் வேணும்னு."

பெங்களூர் பஸ் வந்தது. மிச்சக் கடலையை என் கையில் கொட்டிவிட்டு எழுந்து போய் ஏறினாள்.